குறட்டைக்குச் சாட்சி பக்கத்தில் படுத்திருப்பவர்

நம் சினிமாவில் குறட்டை என்றால் காமெடி டிராக்தான். மூக்கின்மேல் இறகு பறக்கும், கூரை அதிரும், தியேட்டர் சிரிக்கும். வீட்டிலும் குறட்டைப் பேச்சு பெரும்பாலும் கிண்டலோடு முடிந்துவிடுகிறது. ஆனால் அந்தக் குறட்டைக்குப் பின்னால் ‘ஸ்லீப் ஏப்னியா’, அதாவது தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய், இருக்கக்கூடும். இந்தியாவில் நடந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து எய்ம்ஸ் ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி, வேலை செய்யும் வயதில் இருப்பவர்களில் சுமார் 10 கோடிப் பேருக்கு இது இருக்கலாம். அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது. தெரிய வழியும் இல்லை, அவர்கள் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். தெரிந்தவர் பக்கத்தில் விழித்துக்கொண்டு படுத்திருக்கிறார். அவரை யாரும் டாக்டரிடம் கூட்டிப்போவதில்லை.

“எப்படி அசந்து தூங்குறார் பாரு, குறட்டையே சொல்லுதே!”

தூங்கும்போது தொண்டைத் தசைகள் எல்லோருக்கும் தளரும். சிலருக்கு அப்படித் தளரும்போது நாக்கின் அடிப்பகுதியும் உள்நாக்கைச் சுற்றிய மெல்லிய சதையும் சரிந்து மூச்சுவழியைக் குறுக்கிவிடும். அந்தக் குறுகிய வழியில் காற்று நுழையும்போது சதை அதிர்வதுதான் குறட்டை. வழி முழுக்க மூடிக்கொண்டால் சத்தமும் நின்றுபோகும். நெஞ்சும் வயிறும் ஏறி இறங்கும், ஆனால் காற்று உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்கியதும் மூளை ஒரு கணம் விழித்துத் தொண்டையைத் திறக்கும். பெரிய உறுமலோடு மூச்சு திரும்பும். மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு.

10 விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் ஒரு தடவை என்று கணக்கு. பாதி அடைபட்டு மூச்சு மெலிவதையும் சேர்த்துக்கொள்வார்கள். மணிக்கு 5 முதல் 15 தடவை என்றால் லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை. இதையா அசந்து தூங்குவது என்கிறோம்?

குறட்டை விடுகிற எல்லோருக்கும் இந்த நோய் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். குறட்டை சட்டென்று நின்று, சற்று நேரம் கழித்து உறுமலோடு திரும்பினால், நடுவில் இருந்த அந்த இடைவெளிதான் டாக்டருக்குச் சொல்ல வேண்டிய சேதி.

“நான் ராத்திரி முழிக்கவே இல்லையே, எனக்கு எப்படி இருக்கும்?”

அந்த விழிப்பு சில விநாடிகள்தான் நீடிக்கும், காலையில் நினைவிருக்காது. பகலில்தான் அதன் தடயங்கள் தெரியும். எழும்போதே வாய் காய்ந்திருக்கும், தலை வலிக்கும். பஸ்ஸில் உட்கார்ந்ததும் கண் சொருகும். சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும், பொருளை வைத்த இடம் மறக்கும்.

அதிகம் பேர் கவனிக்காத தடயம் ஒன்று உண்டு. இரவில் இரண்டு மூன்று தடவை சிறுநீர் கழிக்க எழுவதை ‘சுகர்’ என்றோ ‘பிராஸ்டேட்’ என்றோ முடிவு கட்டிவிடுகிறோம். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் மூடிய தொண்டைக்கு எதிராக மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைந்து, இதயத்துக்கு வழக்கத்தைவிட அதிக ரத்தம் திரும்புகிறது. உடம்பில் நீர் கூடிவிட்டதென்று ஏமாறும் இதயம், சிறுநீரைப் பெருக்கும் ஹார்மோன் ஒன்றைச் சுரக்கிறது. சுகரும் சரியாக இருக்கிறது, பிராஸ்டேட்டும் சரியாக இருக்கிறது என்றால் தொண்டையைச் சந்தேகிப்பது நியாயம்.

வீட்டம்மா ஒரு காரியம் செய்யலாம். கணவர் தூங்கும்போது செல்போனில் சில நிமிடம் வீடியோ எடுத்துவைக்கலாம். சத்தம் மட்டும் பதிந்தால் போதாது, நெஞ்சு ஏறி இறங்குவதும் தெரிய வேண்டும். டாக்டரைப் பார்க்கும்போது அவரும் கூடப் போனால் இன்னும் நல்லது. பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டுத் தனியாகப் படுக்கும் முதியவர்களுக்கு அப்படிப்பட்ட சாட்சி இல்லை. பகல் தூக்கத்தையும் காலைத் தலைவலியையும் அவர்கள் ‘வயசாயிடுச்சு’ என்று தள்ளிவிடக் கூடாது.

நோயை உறுதிசெய்ய ஓர் இரவு தூக்கப் பரிசோதனை செய்வார்கள். பலருக்கு ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியதில்லை, கருவியை வீட்டுக்கே கொடுத்தனுப்புகிறார்கள்.

“குண்டா இருக்கிற ஆம்பளைங்களுக்குத்தான் வரும்”

உடல் எடை பெரிய காரணம்தான். எடை 10 சதவீதம் குறைந்தால் மூச்சுத்தடைகள் ஏறக்குறைய கால் பங்கு குறைகின்றன என்று அமெரிக்காவின் விஸ்கான்சினில் நடந்த நீண்டகால ஆய்வு கண்டது. எடையைக் குறைக்கும் டிர்செபடைடு ஊசியை, உடற்பருமனோடு இந்த நோயும் உள்ளவர்களுக்காக 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அங்கீகரித்தது.

ஆனால் ஒல்லியானவர்களும் தப்புவதில்லை. கீழ்த்தாடை சிறியதாகவோ பின்தள்ளியோ இருந்தால் நாக்குக்கு இடம் போதாது. ஆசியர்களில் ஒல்லியானவர்களுக்கும் இந்த நோய் வர இது முக்கியக் காரணம். சட்டைக் காலர் அளவும் துப்புக் கொடுக்கும். கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டரைத் தாண்டினால் டாக்டர்கள் கவனிக்கிறார்கள்.

பெண்கள் விஷயத்தில் நடப்பதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. அவர்களுக்கு உரத்த குறட்டையைவிட, தூக்கம் பிடிக்காமை, ஓயாத அசதி, மனச்சோர்வு என்று நோய் வேறு முகத்தோடு வருவது அதிகம். சத்துக் குறைவு என்று டானிக், கவலை என்று மாத்திரை, ‘வீட்டுவேலை அதிகம்’ என்ற ஆறுதல் என நாட்கள் போகும். மாதவிடாய் நின்ற பிறகு அவர்களுக்கு ஆபத்து ஏறுகிறது. மனைவி குறட்டை விட்டால் கணவர் கவனித்துச் சொல்வாரா என்பது வேறு கேள்வி. சாட்சியே தூங்கிவிடுகிற வீடுகள் நம்மிடம் நிறைய.

“அது அமுக்குவான் பேய்”

நடுராத்திரியில் மூச்சுத் திணறி எழுந்தால் அமுக்குவான் வந்தான் என்பார்கள். இரண்டும் வேறு. அமுக்குவான் என்று சொல்லப்படுவதில் விழிப்பு வந்தபின்னும் கைகால் சிறிது நேரம் அசையாது. நெஞ்சில் பாரம் தெரியும், ஆனால் மூச்சு ஓடிக்கொண்டுதான் இருக்கும். தொண்டை அடைபட்டு விழிப்பவர் காற்றுக்குத் தவித்தபடி எழுந்தே உட்கார்ந்துவிடுவார். இரண்டுக்கும் மந்திரித்துக் கயிறு கட்ட வேண்டியதில்லை.

“தூக்கம்தானே கெடுது, உயிரா போகுது?”

ஒவ்வொரு அடைப்பிலும் உடம்பு ஆபத்துநிலைக்குப் போய்த் திரும்புகிறது. ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் எகிறுகின்றன. இரவு முழுக்க இது நடந்தால் பகலிலும் அழுத்தம் இறங்க மறுக்கும். மூன்று மாத்திரை போட்டும் பி.பி. கட்டுக்குள் வராதவர்களிடம் இந்த நோய் மிகச் சாதாரணமாகக் காணப்படுகிறது. இதயம் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு, பக்கவாதம், டைப் 2 சர்க்கரை நோய் ஆகியவற்றோடும் இதற்குத் தொடர்பு உண்டு. இதயக் கோளாறால் வரும் திடீர் மரணங்கள் பொதுவாகக் காலை 6 மணிக்குப் பிறகு அதிகம். மேயோ கிளினிக்கின் 2005 ஆய்வில், அப்படித் திடீரென்று இறந்த ஸ்லீப் ஏப்னியா நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் நள்ளிரவுக்கும் காலை 6 மணிக்கும் இடையில் இறந்திருந்தார்கள். 2022 பிப்ரவரியில் மும்பையில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி இறந்தபோது, அவருக்குச் சிகிச்சையளித்த மருத்துவமனை காரணமாகச் சொன்னதும் இந்த நோயைத்தான்.

ஆபத்து படுக்கையோடு நிற்பதில்லை. 2013 டிசம்பர் 1 காலை, நியூயார்க்கில் மணிக்கு 30 மைல் வேகத்தில் திரும்ப வேண்டிய வளைவில் ஒரு ரயில் 82 மைல் வேகத்தில் புகுந்து தடம்புரண்டது. 4 பேர் இறந்தார்கள். ஓட்டுநருக்குத் தீவிர ஸ்லீப் ஏப்னியா இருந்தது விபத்துக்குப் பிறகு செய்த பரிசோதனையில்தான் தெரிந்தது. இரவு பஸ்ஸும் லாரியும் ஓட்டுகிறவர்கள் ‘டீ குடிச்சா சரியாயிடும்’ என்று நம்பி ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது.

“அது ஆக்ஸிஜன் மெஷின், மாட்டினா ஆயுசுக்கும் அடிமை”

இந்த நோய்க்கு டாக்டர்கள் மாட்டிக்கொள்ளச் சொல்லும் சிபாப் கருவி ஆக்ஸிஜன் கொடுப்பதில்லை. அறையில் இருக்கிற காற்றையே மெல்லிய அழுத்தத்தில் மாஸ்க் வழியே அனுப்புகிறது. காற்றடித்த சைக்கிள் டியூப் சப்பிப்போகாமல் நிற்பதுபோல, அந்த அழுத்தத்தில் தொண்டை மூடாமல் நிற்கிறது. சிட்னியில் காலின் சல்லிவன் 1981-ல் இதை உலகுக்கு அறிவித்தார். ஆரம்பக் கருவிகளுக்கு வாக்குவம் கிளீனர் மோட்டார்தான் உதவியது. இதற்கு அடிமையாவது என்று எதுவும் இல்லை. கழற்றினால் பழைய அடைப்பு திரும்பும், கண்ணாடியைக் கழற்றினால் பழைய பார்வை திரும்புகிற கதைதான்.

விற்பவர்கள் பரப்பும் நம்பிக்கையையும் தட்டிக்கேட்க வேண்டும். ‘மெஷின் வாங்கினால் ஹார்ட் அட்டாக் வராது’ என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஏற்கெனவே இதயநோயோ பக்கவாதமோ வந்த 2,717 பேரிடம் நடந்து 2016-ல் வெளியான சேவ் ஆய்வில், கருவி பயன்படுத்தியவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. அவர்கள் இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரமே மாட்டியிருந்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் பகல் தூக்கம் குறைந்தது, மனநிலையும் தேறியது. தூங்கும் நேரம் முழுக்க மாட்டினால்தான் முழுப் பலன். முதல் சில வாரங்கள் மாஸ்க் உறுத்தும், மூக்கு காயும். அளவு மாற்றியும் காற்றில் ஈரம் சேர்த்தும் சரிசெய்யலாம். பீரோமேல் ஏற்றிவிடுவதற்குமுன் ஒரு தடவை டாக்டரிடம் போய்ப் பாருங்கள். லேசான நோய் என்றால் ஒருக்களித்துப் படுப்பதும், தாடையை முன்னிழுக்கும் பல்செட் போன்ற சாதனமும் சிலருக்குப் போதும்.

“ஒரு பெக் போட்டா நல்லா தூக்கம் வரும்”

வரும். தொண்டைத் தசையும் கூடுதலாகத் தளரும், அடைப்பும் கூடும். டாக்டரைக் கேட்காமல் விழுங்கும் தூக்க மாத்திரைகளிலும் பல இதே ரகம்.

“குழந்தை குறட்டை விட்டா அழகுதான்”

எப்போதாவது சளி பிடித்தபோது என்றால் விட்டுவிடலாம். தினமும் வாயைத் திறந்தபடி குறட்டை விட்டால் டான்சிலோ அடினாய்டோ வீங்கியிருக்கலாம். பெரியவர்கள் பகலில் தூங்கி வழிவார்கள், குழந்தைகள் பல நேரம் அதற்கு நேர்மாறாக ஓரிடத்தில் நிற்காமல் துள்ளுவார்கள், பாடத்தில் கவனம் இராது. ‘சேட்டைக்காரன்’ என்று டீச்சர் எழுதி அனுப்பிய குறிப்போடு காது மூக்கு தொண்டை டாக்டரையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

“குடலிறக்க ஆபரேஷனுக்கும் குறட்டைக்கும் என்ன சம்பந்தம்?”

மயக்க மருந்தும் அதன்பின் கொடுக்கும் சில வலிமருந்துகளும் தொண்டையைத் தளர்த்தி, மூச்செடுக்கும் உந்துதலையும் குறைக்கும். எந்த ஆபரேஷனாக இருந்தாலும் மயக்க மருந்து டாக்டரிடம் குறட்டையைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கருவி வைத்திருப்பவர்கள் துணிப்பையோடு அதையும் மாஸ்க்கையும் எடுத்துப்போய், ஆபரேஷன் முடிந்து வார்டுக்கு வந்த முதல் இரவே மாட்டிவிடும்படி நர்ஸிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.