காஸ்மிக் கதிர் மேகத்தை உருவாக்குமா?

இதை நீங்க படிச்சு முடிக்கிறதுக்குள்ள சில ஆயிரம் மியூவான்கள் உங்க உடம்பு வழியா போயிருக்கும். பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது! விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது உருவாகும் துகள்கள்தான் அவை. சரி, இந்தக் கதிர்கள் பூமியின் வெப்பநிலையை மாற்றுமா?

1997-இல் டென்மார்க் விஞ்ஞானிகள் ஸ்வென்ஸ்மார்க், ஃப்ரீஸ்-கிறிஸ்டென்சன் இருவரும் "மாற்றலாம்" என்றார்கள். காஸ்மிக் கதிர் கூடும்போது மேகமும் கூடுவதாக சாட்டிலைட் தரவைக் காட்டினார்கள். அவர்களின் லாஜிக் இதுதான்:

1. சூரியன் தீவிரமாக இருந்தால், அதன் காந்தப்புலம் காஸ்மிக் கதிர்களைத் தடுக்கும். இது 11 ஆண்டுச் சுழற்சி.
2. சூரியன் அடங்கினால் கதிர்கள் அதிகம் வரும், காற்றில் அயனிகள் கூடும்.
3. அயனியோடு மூலக்கூறுகள் ஒட்டி நுண்துகள் உருவாகும்.
4. துகள்மேல் நீராவி படிந்தால் மேகத்துளி. தாழ்வான மேகங்கள் வெயிலைத் திருப்பி அனுப்பும், பூமி குளிரும்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. சோதிச்சுப் பார்க்க வேண்டாமா? ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் 'கிளவுட்' என்ற சோதனையைத் தொடங்கினார்கள். 26 கன மீட்டர் ஸ்டீல் கலனுக்குள் சுத்தமான காற்று, அதில் துகள் கற்றை. 2011-இல் முடிவு வந்தது: அயனிகள் இருந்தால் நுண்துகள் உருவாகும் வேகம் 2 முதல் 10 மடங்குக்கும் மேல் வரை கூடுகிறது.

அப்போ நிரூபிச்சாச்சா? அவசரப்படாதீங்க. புதுத் துகளின் விட்டம் ஒன்றிரண்டு நானோமீட்டர்தான். மேகத்துளிக்கு விதையாக அது சுமார் 50 நானோமீட்டராவது வளரணும். 1-லிருந்து 50 என்றால் கன அளவு 1,25,000 மடங்கு! அதற்குள் பெரும்பாலான துகள்கள் பெரிய துகள்களில் மோதி ஒட்டிக் காணாமல் போய்விடும். போதாக்குறைக்கு கடல் உப்பு, தூசி, புகை எல்லாம் ஏற்கெனவே காற்றில் விதையாக இருக்கு. அதனால் கதிர்கள் கூடிக் குறைந்தாலும் மேகத்தில் தெரியும் வித்தியாசம் மிகச் சிறியது.

இன்னொரு செக்கும் இருக்கு. 1950-களிலிருந்து நியூட்ரான் மானிட்டர்கள் காஸ்மிக் கதிர்களை அளந்து வருகின்றன. 11 ஆண்டு ஏற்ற இறக்கம் தெரிகிறது. வெப்பமயமாதலை விளக்கும் அளவுக்கு நீண்டகாலச் சரிவு இல்லை. 2009 வாக்கில் கதிர்கள் உச்சத்தில் இருந்தன. இந்தக் கணக்குப்படி பூமி குளிர்ந்திருக்கணும். ஆனால் வெப்பமயமாதல் நிற்கவில்லை.

அதற்காக சோதனை வீண் இல்லை. மரங்கள் வெளிவிடும் ஆவிகளே கந்தக அமிலம் இல்லாமல் நுண்துகள்களை உருவாக்கும் என்று 2016-இல் இதே கிளவுட் குழுதான் கண்டுபிடித்தது.

"வெப்பமயமாதலுக்கு மனுஷன் காரணமில்ல, காஸ்மிக் கதிர்தான்" என்று வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு வந்தால் ரெண்டே கேள்வி கேளுங்க: எவ்வளவு மாத்தும்? 1950-லிருந்து அந்தக் கதிர் குறைஞ்சுக்கிட்டே வந்திருக்கா?