ஆழ்கடலும் மின்சாரச் சிக்கனமும்

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் நாட்டு முதுமொழி. வற்றாத ஆற்றில் இடுவதையே அளந்து இடல் வேண்டுமாயின், எண்ணி வைத்த மின்கலங்களோடு கடலின் அடிக்குச் செல்லுவோன் எத்துணைக் கருத்தோடு அளத்தல் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். ஆயினும் இவ்வுண்மை நம் நெஞ்சில் நன்கு பதிந்தது நூல் வாயிலாக அன்று. ஒரு விளையாட்டின் வாயிலாகவே என்பதை வெட்கமின்றி ஒப்புக்கொள்கின்றோம்.

சென்ற விடுமுறையில் மண்ணூருக்குச் சென்றிருந்தோம். மண்ணூர் ஸ்ரீபெரும்புதூரை அடுத்துள்ள ஊர். அதனைச் சூழ்ந்த நாட்டுப்புறம், ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்குள், மோட்டார் வண்டிகளும் கைத்தொலைபேசிகளும் அவற்றின் உறுப்புகளும் செய்யும் தொழிற்சாலைகள் நிறைந்த பிரதேசமாக மாறிவிட்டது. நம் கல்லூரியின் பழைய மாணவர் மூவர் அங்கே ஒரு வாடகை வீட்டில் தங்கி, ஒரகடத்திற்கு முறைவேலைக்குப் போய்வருகின்றனர். இரவு முறை முடித்துவந்த ஒருவர், உறங்குமுன் சற்றே மனம் ஆற எண்ணிக் கணிப்பொறியில் ஒரு விளையாட்டைத் தொடங்கினார். நாமும் அருகில் அமர்ந்து பார்த்தோம்.

அவ்விளையாட்டின் பெயர் சப்நாட்டிகா. அன்னோன் வேர்ல்ட்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்தார் அதனை 2018ஆம் ஆண்டு ஜனவரியில் முழு உருவில் வெளியிட்டனர். விண்கலம் உடைந்து, கடல் சூழ்ந்த வேற்றுக் கிரகம் ஒன்றில் வீழ்ந்த ஒருவன், கைக்கு அகப்பட்ட பொருள்களைக் கொண்டு கருவிகளும் கலங்களும் செய்து உயிர் பிழைத்தல் வேண்டும் என்பதே அதன் கதை. நம் நண்பர் சைக்ளாப்ஸ் என்னும் பெரிய நீர்மூழ்கியில் ஏறி, உச்ச வேகத்தில் ஆழம் நோக்கி விரைந்தார். இடையில் யந்திரம் சூடேறித் தீப்பற்றியது, அதனை அணைத்தார். மின்சக்தி பாதியாயிற்று, கவனியாது மேலும் சென்றார். கடைசியில் விளக்குகள் அவிந்தன, யந்திரம் நின்றது, திரை இருண்டது. அவர் நகைத்து, "ஐயா, போவதற்கு மட்டுமே கணக்குப் பார்த்தேன், வருவதற்குப் பார்க்க மறந்துவிட்டேன்" என்றார். அச்சொல்லே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

அவ்விளையாட்டுக் கருவிகளின் இயல்புகள் சிலவற்றை முதற்கண் ஆராய்வோம். சீமாத் என்னும் சிறு கலத்தில் ஒரு மின்கலமும் சைக்ளாப்ஸில் ஆறு மின்கலங்களும் உள. மின்கலம் ஒன்றின் கொள்ளளவு 200 அலகு. ஆகவே பெருங்கலத்தின் முழு இருப்பு 1,200 அலகு. அதற்கு மூன்று வேகங்கள் உண்டு. வேகம் மிக மிகச் செலவும் மிகும், ஓசையும் மிகும். அதன் வயிற்றுக்குள் சீமாத்தைக் கட்டிவைத்தால், சிறு கலம் பெருங்கலத்தின் இருப்பிலிருந்து தன் குறையை நிரப்பிக்கொள்ளும். அதனை இலவசமாகக் கிடைத்த மின்சாரம் எனப் புதியோர் மயங்குவர். இன்னும் சிலர், பெருங்கலத்துக்குள்ளேயே மின்கலம் ஏற்றும் பெட்டியை அமைத்து, அக்கலத்தின் மின்சாரத்தாலேயே அதன் மின்கலங்களை நிரப்ப முயலுவர். கிணற்று நீரை இறைத்து அக்கிணற்றிலேயே வார்ப்பவனுக்குக் கிணறு நிறையாது என்பதை உழவர் வீட்டுச் சிறுவனும் அறிவான்.

மேலும், சூரிய ஒளித் தகடு மேல்மட்டத்தில் நன்கு உதவும். ஆழம் செல்லச் செல்ல அதன் பயன் குறையும். அடியில் வாழ விரும்புவோர் கடலடி வெந்நீர் ஊற்றுகளின் வெப்பத்தை நாடல் வேண்டும். சீமாத்துக்கு 200 மீட்டர் என்பது தொடக்கத்து ஆழவரம்பு. அதனைக் கடந்தால் உடல் நெரியத் தொடங்கும்.

நிற்க. இவை யாவும் சிறுவர் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடலாகாது. மண்ணூரிலிருந்து ஒரு பகற்பொழுதில் போய்வரக்கூடிய பள்ளிக்கரணையில், தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்து விஞ்ஞானிகள் இதே கணக்கை மெய்யாகவே போட்டுக்கொண்டிருக்கின்றனர். 1993ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற அக்கழகம், மத்ஸ்யா 6000 என்னும் கலத்தை உருவாக்கும் பணியை மேற்கொண்டது. மூவரை ஏற்றிக்கொண்டு 6,000 மீட்டர் ஆழம் சென்று மீள்வது அக்கலத்தின் நோக்கம். இப்பணியும் அடங்கிய ஆழ்கடல் திட்டத்துக்கு மத்திய அரசாங்கம் 2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 4,077 கோடி ரூபாய் மதிப்பீட்டில் இசைவளித்தது.

6,000 மீட்டர் என்பதன் பொருளை உணர, மண்ணூருக்கு அண்மையிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியை நினைத்துக்கொள்வோம். அவ்வேரி நிரம்பி நிற்கையில் அதன் நீர்மட்டம் 24 அடி. அஃதாவது 7 மீட்டருக்குச் சற்று மிகுதி. அதைப்போல் எண்ணூறு ஏரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அவ்வாழத்துக்கு ஈடாகாது. அங்கே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மீதும் ஏறத்தாழ 600 கிலோகிராம் பளு அழுத்தும். நம் கட்டைவிரல் நகத்தின்மேல் ஆறு நெல்மூட்டைகளை ஏற்றினாற்போல என்க. இதனைத் தாங்கும்பொருட்டே, மனிதர் அமரும் அறை 2.1 மீட்டர் உள்விட்டமும் 80 மில்லிமீட்டர் கனமும் உடைய டைட்டேனியக் கோளமாக வகுக்கப்பட்டது. கோள வடிவில் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பரவும். எனவே அதனினும் வலிய வடிவம் பிறிதில்லை.

இனி மின்சாரக் கணக்கைப் பார்ப்போம். இக்கலத்துக்கு விதிக்கப்பட்ட சாதாரண வேலைநேரம் 12 மணி. நிமிடத்துக்கு 30 மீட்டர் வீதம் கலம் இறங்குவதாகக் கொள்வோமாயின், அடியை அடைய 200 நிமிடம் ஆகும். ஏறுதற்கும் அவ்வளவே. ஆகவே 6 மணி 40 நிமிடம் வழியிலேயே கழியும்; எஞ்சுவது 5 மணி 20 நிமிடம். இவ்வேற்ற இறக்கத்துக்கு மின்சாரத்தைச் செலவிடுவது அறிவுடைமையாகாது. ஆதலின் இத்தகைய கலங்கள் பளுவை ஏற்றிக்கொண்டு தாமே தாழும். வேலை முடிந்தபின் பளுவை உதிர்த்துத் தாமே எழும். இருப்பிலுள்ள மின்சாரம் அடியில் நகர்வதற்கும், விளக்கெரிப்பதற்கும், மூச்சுக் காற்றைத் தூய்மை செய்வதற்கும் காக்கப்படும்.

அடியில் நகரும்போதும் விரைவு கூடாது. நீரில் செல்லும் பொருளின் வேகத்தை இருமடங்காக்கினால், அதனை எதிர்க்கும் தடை நான்கு மடங்காகும். நொடிதோறும் ஆகும் சக்திச் செலவோ எட்டு மடங்காகும். நேரம் பாதியாகக் குறைந்தாலும், ஒரே தூரத்தைக் கடக்க மொத்தத்தில் நான்கு மடங்கு மின்சாரம் செலவாகும். பௌதிக வகுப்பில் இவ்விதியைப் படித்துத் தேர்வில் எழுதி மறந்துவிடுகிறோம். நம் நண்பரின் கலம் இருளில் நின்றதும் இவ்விதியின் சாயலை மறந்ததனாலேயே. அன்றியும், ஆழ்கடலின் அடியில் நீர் உறைநிலைக்குச் சற்றே மேற்பட்ட குளிருடையது. குளிரில் மின்கலம் தன் முழு இருப்பையும் தராது. கரையில் அளந்த அளவு கடலடியிலும் அப்படியே இருக்குமென நம்புவது பேதைமை.

மூச்சுக்கும் கணக்குண்டு. அபாயம் நேரின் 96 மணி நேரம் உயிர் தாங்குமாறு மத்ஸ்யா 6000 திட்டமிடப்பட்டது. ஓய்ந்திருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 15 லிட்டர் பிராணவாயுவை உட்கொள்வர். மூவருக்கு 96 மணிக்கு 4,320 லிட்டர் வேண்டும். பிராணவாயு இருந்தும், நாம் வெளிவிடும் கரியமிலவாயுவை அகற்றாவிடில் மயக்கமும் மரணமும் நேரும். அதனை உறிஞ்சும் மருந்தின் ஊடே காற்றைச் செலுத்த விசிறி வேண்டும். விசிறிக்கு மின்சாரம் வேண்டும். ஆகவே மின்சாரக் கணக்கும் மூச்சுக் கணக்கும் உண்மையில் ஒன்றே.

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சென்னைக்கு வடக்கேயுள்ள காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் இக்கலத்தை நீரில் இறக்கிச் சோதித்தனர். ஆளின்றியும் ஆளேற்றியும் முழுக்குகள் நிகழ்ந்தன. அப்போது ஒரு விந்தை தோன்றியது. நீரினூடே குரலைக் கொண்டுசெல்லும் கருவி, துறைமுகத்தின் ஆழமின்மையால் செவ்வனே பயன்படவில்லை. ஆழத்தில் பேச வல்ல கருவி மேட்டில் திக்குவானேன் என்று மாணாக்கர் வியக்கலாம். வானொலி அலைகள் கடல்நீரில் நெடுந்தூரம் செல்லா. ஆதலின் ஒலியே தூது செல்லல் வேண்டும். ஆழமற்ற நீரில் அவ்வொலி மேற்பரப்பிலும் தரையிலும் மோதி மோதிப் பல எதிரொலிகளாகச் சிதறும். ஒரு சொல் முடியுமுன் அதன் எதிரொலி மறுசொல்லோடு கலக்கும். ஆழத்திலோ வேறொரு தொல்லை உண்டு. நீரில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர். 6,000 மீட்டர் கீழிருந்து கேட்ட கேள்வி மேலே சேர 4 நொடியும், விடை மீள 4 நொடியும் ஆகும். கருவியின் குற்றம் வேறு, கருவி நிற்கும் இடத்தின் இயல்பு வேறு எனப் பிரித்தறிதலே சோதனையின் பயன்.

சிக்கனம் மட்டும் போதாது. தவறினாலும் உயிர்ப்பக்கமே சாயும்படி யந்திரத்தை அமைத்தல் வேண்டும். 1960ஆம் ஆண்டு ஜனவரி 23ஆம் நாள், ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் திரியெஸ்டே என்னும் கலத்தில் மரியானா அகழியின் அடியை, ஏறத்தாழ 10,900 மீட்டர் ஆழத்தில், அடைந்தனர். அக்கலத்தின் பளு இரும்புக் குண்டுகள். அவற்றை மின்காந்தங்கள் பற்றியிருந்தன. மின்சாரம் அற்றுப்போனால் காந்தப்பிடி தளரும். குண்டுகள் தாமே உதிரும். கலம் தானே மேலெழும். மின்சாரம் தீர்ந்தால் கலம் இருளில் நிற்பது விளையாட்டு. மின்சாரம் தீர்ந்தால் கலம் மிதப்பது விஞ்ஞானம். இதனைப் பொறியியல் பயிலும் மாணாக்கர் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

இருப்பைக் காத்தோர் பிழைத்த வரலாறும் ஒன்றுண்டு. 1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், அயர்லாந்துக்கு அப்பால் தொலைபேசிக் கம்பி புதைக்கும் வேலை முடிந்து மேலே வந்த பிஸைஸ் 3 என்னும் சிறு நீர்மூழ்கி, பின்புறக் கோளத்தில் நீர் புகுந்து, சுமார் 480 மீட்டர் ஆழத்தில் வீழ்ந்தது. உள்ளே இருந்தோர் ரோஜர் மல்லின்ஸன், ரோஜர் சாப்மன் என்னும் இருவர். அவர்கள் மின்கருவிகளை நிறுத்திவிட்டு, அசையாது படுத்து, பேச்சையும் குறைத்து, பிராணவாயுவைத் துளித்துளியாகச் செலவிட்டனர். செப்டம்பர் 1ஆம் நாள் மேலே கொண்டுவரப்பட்டபோது அவர்களிடம் எஞ்சியிருந்தது 12 நிமிடத்துக்குப் போதுமான பிராணவாயுவே. அந்தப் பன்னிரண்டு நிமிடம் அவர்கள் முன்னமே பேசாது விட்ட பேச்சாலும் எரியாது விட்ட விளக்காலும் ஈட்டியதென்று சொல்லலாம். இதற்கு மாறாக, 2017ஆம் ஆண்டு நவம்பரில் அர்ஜென்டீன நாட்டின் ஸான் ஹுவான் நீர்மூழ்கி 44 பேருடன் மறைந்தது. காற்றுக்குழாய் வழியே கடல்நீர் புகுந்து மின்கல அறையில் கோளாறு விளைத்தது என்பதே அதன் தலைவர் இறுதியாக அனுப்பிய செய்திகளிற் கண்ட விவரம்.

விளையாட்டில் இறந்தவன் சில பொருள்களை இழந்து மறுபடியும் விழித்தெழுவான். நம் நண்பரும் அவ்வாறே எழுந்து, இம்முறை மெதுவான வேகத்தில் கலத்தைச் செலுத்தி, இருப்பில் பாதி குறையுமுன் திரும்பினார். மெய்யான கடல் அவ்விரண்டாம் வாய்ப்பை எளிதில் தருவதில்லை. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு 5, 6 ஆகிய நாட்களில் நம் நாட்டினர் இருவர், பிரான்ஸ் தேசத்து நோட்டீல் கலத்தில் அட்லாண்டிக் கடலில் ஒருவர் 4,025 மீட்டரும் மற்றவர் 5,002 மீட்டரும் இறங்கி மீண்டனர். இறங்கிய ஆழத்தை உலகம் எண்ணிப் புகழ்ந்தது. மீளுதற்கு வேண்டிய மின்சாரத்தையும் மூச்சையும் யாரோ சிலர் முன்கூட்டி எண்ணி வைத்திருந்தனர். அவர்தம் பெயர் செய்தித்தாளில் வருவதில்லை.

மண்ணூரிலிருந்து புறப்படும்போது பொழுது சாய்ந்திருந்தது. நம் நண்பர் அடுத்த முறைவேலைக்கு ஆயத்தமானார். தொழிற்சாலையில் அவருடைய பணி, கையளவான மின்கலங்களை ஒவ்வொன்றாகச் சோதித்துக் குறையுள்ளதை விலக்குதல். "நாள் முழுதும் ஒரே வேலை, சலிப்பாயிருக்கிறது" என்று முன்னர் நம்மிடம் குறைப்பட்டிருந்தார். அன்று அவ்வாறு கூறவில்லை. தாம் விலக்காது விட்ட ஒன்று எவருடைய இருளில் போய் நிற்குமோ என்னும் நினைவு அவர்க்கு உண்டாகியிருந்தது. மாணாக்கர்களே, நீங்களும் நாளை எவ்வேலையை ஏற்பினும், போகும் வழிக்கு முன்னே மீளும் வழியை எண்ணுங்கள். கலத்தில் இருப்பவர் உங்கள் பெயரை அறியாவிடினும், உங்கள் கணக்கை நம்பியே கீழே செல்கின்றனர்.