பக்கங்கள் தெரியாமலே பரப்பளவு

கேள்வி: ஒரு முக்கோணத்தின் சுற்றளவு 70 செ.மீ., உள்வட்டத்தின் ஆரம் 6 செ.மீ., பரப்பளவு என்ன என்று தேர்வில் கேட்டிருந்தார்கள். ஒரு பக்கத்தின் அளவுகூடத் தரவில்லை. கணக்கே தவறு என்று விட்டுவிட்டேன். விடை 210 ச.செ.மீ. என்கிறார்கள். எப்படி?

– பத்தாம் வகுப்பு மாணவி, தென்காசி

பதில்: கணக்கில் தவறில்லை, மகளே. ஒரு தாளில் முக்கோணம் வரைந்து, அதன் இரண்டு கோணங்களுக்கு இருசமவெட்டி போடு. அவை சந்திக்கும் இடம்தான் உள்வட்ட மையம். அங்கிருந்து மூன்று முனைகளுக்கும் கோடு இழுத்து, கோட்டின் வழியே கத்தரிக்கோலால் வெட்டு. மூன்று சிறு முக்கோணங்கள் கையில் இருக்கும்.

ஒவ்வொன்றின் அடிப்பக்கமும் பெரிய முக்கோணத்தின் ஒரு பக்கம். உயரம்? தொடுகோடு, தொடும் புள்ளியில் ஆரத்துக்குச் செங்குத்து என்று படித்திருப்பாய். மூன்று பக்கங்களும் உள்வட்டத்துக்குத் தொடுகோடுகள். ஆகவே மூன்று துண்டுகளுக்கும் உயரம் ஆரமேதான்.

இப்போது துண்டுகளை ஒரே கோட்டில் அடுத்தடுத்து வை. அடிகளின் மொத்த நீளம் சுற்றளவு. உன் கணக்கில் அது 70, உயரம் 6. பரப்பளவு ½ × 70 × 6 = 210 ச.செ.மீ. சுருக்கமாக, அரைச்சுற்றளவு × ஆரம். அவசரத்தில் முழுச் சுற்றளவால் பெருக்கிவிடாதே. அந்த ½ எங்கிருந்து வந்தது என்பதை வெட்டிய துண்டுகளே நினைவூட்டும்.

சரிபார்க்கலாமா? 20, 21, 29 செ.மீ. பக்கங்கள் கொண்டது செங்கோண முக்கோணம். பரப்பளவு ½ × 20 × 21 = 210. பக்கங்கள் 17, 25, 28 என்றால் ஹெரான் சூத்திரப்படி √(35 × 18 × 10 × 7) = 210. இரண்டுக்கும் சுற்றளவு 70, உள்வட்ட ஆரம் 6. உருவம் வேறு, பரப்பளவு ஒன்று. உன் வினாத்தாளில் இருந்தது இவற்றில் எது என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

இந்த வெட்டி அடுக்கும் வழி பழையது. சீனக் கணித அறிஞர் லியூ ஹுய், 263ஆம் ஆண்டு எழுதிய உரையில், செங்கோண முக்கோணத்தை உள்வட்ட மையத்திலிருந்து துண்டாக்கி, துண்டுகளை நீண்ட செவ்வகமாக அடுக்கியே வட்டத்தின் விட்டத்தைக் கண்டார்.

நான்கு பக்கங்களையும் ஒரு வட்டம் தொடும் நாற்கரத்தையும் இதேபோல வெட்டிப் பார். அங்கேயும் அரைச்சுற்றளவு × ஆரம்தான் வரும். ஏன் என்று நீயே சொல்லிவிடுவாய்.