வார இறுதித் தமிழ் ஆசிரியருக்கு

லண்டனின் தமிழ்ப் பள்ளிகளில் பழைய பயிற்சித்தாள்கள் பல பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். இதற்கும் வகுப்பின் மற்ற எழுத்து வேலைகளுக்கும் சில வழிகள்:

1. பழைய தாளின் உரையை இணையத்திலுள்ள எழுத்துரு மாற்றியில் ஒட்டி, யுனிகோடுக்கு மாற்றவும். பிறகு எந்தத் தொலைபேசியிலும் படிக்கலாம், தேடலாம். மாற்றியதும் கட்டாயம் ஒருமுறை வாசிக்கவும்: கொம்பும் காலும் இடம் மாறுவதுண்டு.

2. புதிதாகத் தமிழில் தட்டச்சு செய்ய, விண்டோஸில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்க்கவும். விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையை அழுத்தினால் மொழி உடனே மாறும்.

3. அடிக்கடி அனுப்பும் வாக்கியத்துக்கு ஐபோனின் விசைப்பலகை அமைப்பில் குறுஞ்சொல் வைக்கவும். 'வீபா' என அடித்தால் வீட்டுப்பாட அறிவிப்பு முழுதாக வரும்.

4. பெற்றோருக்கு வாட்ஸ்அப்பின் ஒலிபரப்புப் பட்டியலில் அனுப்பவும்; ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. ஆசிரியரின் எண்ணைச் சேமித்தவருக்கே செய்தி சேரும். இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடவும்.