பெனால்ட்டியை முன்னால் வையுங்கள்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்து இருபது நாளாகிறது. பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணமில்லை. “பெனால்ட்டி ஷூட்-அவுட் என்பது லாட்டரி. அதில் ஜெயித்தவன் ஜெயித்தவனே இல்லை” என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியோடு இத்தனை நாளும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பாதிச் சண்டையில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கடிதம்.

நிஜ லாட்டரி எப்படி இருக்கும் என்பதைக் கால்பந்து எப்போதோ பார்த்துவிட்டது. 1965 மார்ச், ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதி. லிவர்பூலும் ஜெர்மனியின் கொலோன் அணியும் இரண்டு ஆட்டம் ஆடி இரண்டிலும் கோல் இல்லை. மூன்றாவது ஆட்டத்தைப் பொதுவான ஊர் என்று ராட்டர்டாமில் வைத்தார்கள். கூடுதல் நேரமும் முடிந்து 2-2. ஆக 300 நிமிடம் ஆடியாயிற்று. கடைசியில் நடுவர் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெள்ளை உள்ள வில்லையைச் சுண்டினார். அது சேற்றில் செங்குத்தாகச் செருகிக்கொண்டு நின்றது! அந்த நேரத்தில் இரண்டு கேப்டன்களின் முகமும் எப்படி இருந்திருக்கும்? மறுபடி சுண்டினார்கள், லிவர்பூல் அரையிறுதிக்குப் போனது. முந்நூறு நிமிடம் ஓடிய கால்களுக்கு அந்த முடிவில் ஒரு பங்கும் இல்லை.

மூன்று வருடம் கழித்து, 1968 ஐரோப்பியச் சாம்பியன்ஷிப் அரையிறுதி, நேப்பிள்ஸ் நகரம். இத்தாலியும் சோவியத் யூனியனும் 120 நிமிடம் ஆடி கோல் இல்லை. இந்த முறை பூவா தலையா பார்த்தது மைதானத்தில்கூட இல்லை, உள்ளே, நடுவரின் அறையில். இத்தாலி கேப்டன் ஃபக்கெட்டி ‘பூ’ என்றார், பூ விழுந்தது. வெளியே மொத்த ஸ்டேடியமும் என்ன ஆயிற்று என்று தெரியாமல் காத்திருந்தது. ஃபக்கெட்டி கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த பிறகுதான் தங்கள் நாடு இறுதிக்குப் போய்விட்டது என்று ஜனங்களுக்குப் புரிந்தது. அந்த இறுதியும் யூகோஸ்லாவியாவோடு 1-1 என்று சமனாக, நல்லவேளை, நாணயத்தைத் தேடாமல் இரண்டு நாள் கழித்து இன்னொரு ஆட்டம் வைத்தார்கள். அதே வருட மெக்சிகோ ஒலிம்பிக்கில் இஸ்ரேல் அணியைக் குலுக்கல் முறையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த ஆத்திரத்தில் இஸ்ரேலியர்கள் தூக்கிப்பிடித்த யோசனைதான் ஷூட்-அவுட். 1970-இல் அது விதிப்புத்தகத்தில் ஏறியது. நீங்கள் லாட்டரி என்று திட்டுவது, லாட்டரியை ஒழிப்பதற்காக வந்த முறையை.

இதெல்லாம் கருப்பு வெள்ளைக் காலத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 2024 பிப்ரவரி, டாக்கா. பத்தொன்பது வயதுக்குட்பட்ட பெண்களுக்கான தெற்காசியக் கோப்பை இறுதி, இந்தியாவும் வங்கதேசமும். 1-1. ஷூட்-அவுட்டில் இரண்டு பக்கமும் பதினொரு பேரும் உதைத்தார்கள், கோல் கீப்பர்கள் உட்பட. ஒருத்திகூடத் தவறவிடவில்லை: 11-11. விதிப்படி அடுத்த சுற்றைத் தொடங்க வேண்டியதுதான். போட்டி அதிகாரி என்ன நினைத்தாரோ, டாஸ் போடச் சொல்லிவிட்டார். இந்தியா ஜெயித்தது, கொண்டாடியது. வங்கதேசப் பெண்கள் மைதானத்தை விட்டு நகர மறுத்தார்கள், கேலரியிலிருந்து பாட்டில்கள் பறந்தன. கடைசியில் கோப்பை இருவருக்கும் பொது என்று முடித்தார்கள். இருபத்திரண்டு பெண்கள் இருபத்திரண்டு பெனால்ட்டியையும் வலைக்குள் போட்டதை ஒரு காசு அழிக்கப் பார்த்தது. எனக்கு அன்று இந்தியா ஜெயித்ததில் துளிகூடச் சந்தோஷம் இல்லை.

ஷூட்-அவுட்டில் அதிர்ஷ்டமே இல்லை என்று சாதிக்க வரவில்லை. ஆனால் அதற்குத் தயார் செய்துகொள்ள முடியும். 1976 ஐரோப்பியச் சாம்பியன்ஷிப் இறுதியில் ஜெர்மனியின் கோல் கீப்பர் செப் மையரை ஒரு பக்கம் பாயவிட்டு, நடுவில் பூப்போலப் பந்தைத் தூக்கிப் போட்டாரே செக்கோஸ்லோவாக்கியாவின் பனென்கா, அது அந்த நிமிடத்துத் துணிச்சல் இல்லை. தன் கிளப் கோல் கீப்பரோடு பீரும் சாக்லேட்டும் பந்தயம் வைத்து நெடுநாள் பழகிய உதை.

2006 உலகக்கோப்பையின் பெர்லின் காலிறுதியை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஜெர்மனியின் கோல் கீப்பர் லேமன், அர்ஜென்டினாக்காரர் ஒவ்வொருவரும் உதைக்க வரும்போது காலுறையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துப் பார்த்தார். ஹோட்டல் காகிதம். யார் எந்தப் பக்கம் உதைப்பார் என்று பென்சிலில் எழுதிய குறிப்பு. கடைசியாக வந்த காம்பியாஸோவின் பெயர் அதில் இல்லவே இல்லை. லேமன் அதற்காக விட்டாரா? காகிதத்தை எடுத்து, பொறுமையாகப் படிப்பதுபோல் படித்து, மடித்து, திரும்ப உள்ளே வைத்தார். காம்பியாஸோ உதைத்தார், லேமன் தடுத்தார். லாட்டரிச் சீட்டு வாங்குகிறவன் இப்படியெல்லாம் மெனக்கெட முடியுமா, சொல்லுங்கள்.

உங்கள் மாற்று யோசனைக்கு வருகிறேன். கூடுதல் நேரத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருவராக இரு பக்கமும் ஆட்களைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும், கோல் விழும்வரை. கேட்க ருசியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏழு பேருக்குக் கீழே போனால் ஆட்டமே தொடரக்கூடாது என்று விதி இருக்கிறது. அது கிடக்கட்டும், விதியை மாற்றிக்கொள்ளலாம். தொண்ணூறு நிமிடம் ஓடித் தசைப்பிடிப்போடு நிற்கிறவனைப் பார்த்து, இனி நாலு பேர் ஓடுகிற தூரத்தை நீ ஒருவனே ஓடு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கோல்டன் கோல்? அதையும் வைத்துப் பார்த்தாயிற்று. முதல் கோல் விழுந்ததும் ஆட்டம் முடிந்தது என்றால் எல்லாரும் பாய்ந்து தாக்குவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். ஆனால் ஒரு தப்பு செய்தால் திருத்த வழியே இல்லை என்ற பயத்தில் எல்லாரும் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். 2004-உடன் அது போயிற்று.

நீங்கள் ஜெயித்த பாதி எது என்று சொல்லவில்லையே. 1994 ஜூலை, பசடேனாவில் உலகக்கோப்பை இறுதி. நமக்கு விடியற்காலை மூன்றரை மணி இருக்கும். வீட்டில் எல்லாரும் தூங்க, டி.வி. சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு நான் மட்டும் தரையில் உட்கார்ந்திருந்தேன். இத்தாலியின் ராபர்ட்டோ பாஜியோ உதைத்த பந்து கம்பத்துக்கு மேலே எங்கோ போனது. இடுப்பில் கை வைத்துக் குனிந்து நின்றார். சத்தமில்லாத திரையில் அந்த உருவம் மட்டும். நாக்-அவுட் சுற்றுகளில் இத்தாலி போட்ட ஆறு கோலில் ஐந்து அவருடையது. அவருக்கு முன்னால் பரேசியும் மஸாரோவும்கூடத் தவறவிட்டார்கள், யாருக்கு ஞாபகம் இருக்கிறது? 2021-இல் நடந்த ஐரோப்பியச் சாம்பியன்ஷிப் இறுதியில் இங்கிலாந்தின் ஐந்தாவது உதைக்கு வந்த சாகாவுக்கு வயது பத்தொன்பது. அவரும் அவரோடு தவறவிட்ட இருவரும் இணையத்தில் வாங்கிய நிறவெறி வசவு உங்களுக்கே தெரியும். பதினொரு பேரின் தோல்வி ஒரு தலையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதன்பின் அவன் செய்வதற்கு ஒன்றும் இல்லை. இங்கே நான் உங்கள் கட்சி.

அதனால்தான் சொல்கிறேன், ஷூட்-அவுட்டைக் கூடுதல் நேரத்துக்கு முன்னால் வையுங்கள். தொண்ணூறு நிமிடம் முடிந்ததும் பெனால்ட்டி. பிறகு அரை மணி ஆட்டம். அதில் ஒரு பக்கம் ஜெயித்தால் அது ஜெயித்தது. அதுவும் சமனானால் மட்டும் பெனால்ட்டிக் கணக்கு செல்லும். இது என் கண்டுபிடிப்பு இல்லை, கால்பந்துப் பைத்தியங்கள் ரொம்ப நாளாகப் பேசுவதுதான். தவறவிட்டவனுக்கு இதில் முப்பது நிமிடம் மிச்சம் இருக்கிறது. சாகா தலையைக் குனிந்துகொண்டு வெளியேறாமல், வலது ஓரத்தில் பந்தை வாங்கிக்கொண்டு ஓடியிருப்பார்.

ஷூட்-அவுட்டில் ஜெயித்த அணி பத்துப் பேரையும் பாக்ஸுக்குள் நிறுத்திக்கொள்ளாதா என்பீர்கள். நிறுத்தும். ஆனால் எதிரணி வந்து முட்டித்தானே ஆகவேண்டும்? இப்போது பல கூடுதல் நேரங்களில் இரண்டு பேருமே பெனால்ட்டிக்காகக் காத்துக்கொண்டு பந்தைப் பக்கவாட்டில் உருட்டுகிறார்கள். ஒரு நஷ்டம் உண்டு, மறைக்கமாட்டேன். 2022 உலகக்கோப்பை இறுதியில், லுசைலில், அர்ஜென்டினாவின் மொன்டியேல் கடைசி உதையை உள்ளே போட்டுவிட்டுச் சட்டையைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டாரே, அப்படி ஒரு முடிவு இனிமேல் கிடைக்காது. பாஜியோவுக்கும் அன்று தொடையில் காயம். அரை மணி கொடுத்திருந்தாலும் அவர் என்ன செய்திருப்பார் என்று என்னால் சொல்ல முடியாது.

உங்கள் ஊரில் கோடை விடுமுறைக்குச் செவன்ஸ் டோர்னமென்ட் நடத்துவதாக எழுதியிருந்தீர்கள். ஒரே ஒரு அரையிறுதியில் இதை வைத்துப் பாருங்களேன். கமிட்டியில் பெரியவர்கள் முறைப்பார்கள், தெரியும். கோப்பையைக் கொடுக்கிற கடைக்காரரிடம் முதலில் பேசுங்கள், அவர் சொன்னால் கேட்பார்கள். பெனால்ட்டியில் தோற்ற பையன்கள் அந்தக் கடைசி நிமிடங்களில் எப்படி ஆடினார்கள் என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள். ஆட்டம் எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே சொன்னால், பஸ் பிடித்து நானே வந்துவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் பத்தி எழுத்தாளன்