செப்புத் தகடும் காப்பி எழுத்தும்

நான்கு கோட்டு நோட்டில் ஆங்கில எழுத்தை எழுதிப் பழகாதவர் நம்முள் அரியர். மேலேறும் கோடு மெலிந்தும் கீழிறங்கும் கோடு தடித்தும் அமைய வேண்டும் என்று முதியோர் பலர் பயின்றிருப்பர். அவ்வெழுத்திற்குச் ‘செப்புத் தகட்டு எழுத்து’ என்று பெயர் வந்த காரணத்தை, ஆசிரியப் பயிற்சி பெற்ற நாளில் நான் அறிந்திலேன். பின்னர் அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

செதுக்கும் முறை

தகட்டில் கோடு செதுக்கி அச்சிடும் கலை, ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டில் பொற்கொல்லர் பட்டறைகளை ஒட்டி வளர்ந்தது. அக்கலையில் பெரும்புகழ் பெற்ற ஆல்பிரெக்ட் டியூரர், நியூரம்பர்க் நகரில் தம் தந்தையாரிடம் பொற்கொல்லுத் தொழில் பயின்றவரே.

மெருகிட்ட செப்புத் தகட்டைத் தோல் திண்டின்மீது வைப்பர். செதுக்குபவர் எஃகுச் சிற்றுளியின் பிடியை உள்ளங்கையில் பொருத்தி முன்னோக்கித் தள்ளுவார். மெல்லத் தள்ளினால் மயிரிழை போன்ற கோடு விழும். ஆழ அழுத்தினால் தடித்த கோடு விழும். வளைவு வேண்டுமிடத்தில் தகட்டையே திருப்புவார். ஓரத்தில் எழும் பிசிறைச் சுரண்டி நீக்குவார். சிறு பிழை நேரின் வழவழப்பான எஃகுக் கோலால் தேய்த்து மறைப்பார். எழுத்துகளைக் கண்ணாடியில் தோன்றுவதுபோல இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும்.

பின்னர்த் தகடு முழுதும் மை பூசி, மேற்பரப்பைத் துடைப்பர். பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரமிட்ட தாளை அதன்மேல் இட்டு உருளைகளுக்கிடையே செலுத்தினால், தாள் அம்மையை ஏற்கும்.

கையெழுத்து நூல்கள்

இலண்டனில் ஜார்ஜ் பிக்கம் என்பவர், 25 எழுத்தாசிரியர்களின் கையெழுத்தைச் செம்பில் செதுக்கி, ‘யுனிவர்சல் பென்மன்’ என்னும் நூலை 1733 முதல் 1741 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார். இத்தகைய நூல்கள் கையெழுத்துப் பாடத்திற்கு முன்மாதிரியாயின. எழுத்தாசிரியர் இறகுப் பேனாவால் எழுதியது மூலம். மாணவர் கண்டதோ, உளி நிதானமாகச் செதுக்கிய வடிவம்.

நான் உணர்ந்தது

பணியேற்ற புதிதில், ஒரு சிறுமியின் காப்பி நோட்டில் சிவப்பு மையால் குறுக்கே கோடிட்டேன். “மேல் வரியைப் பார்த்து எழுதத் தெரியாதா?” என்று வகுப்பறியக் கேட்டேன். “பேனா நடுங்குது டீச்சர்” என்றாள். அதைச் சாக்கு என்றே கருதினேன்.

தகடு திரும்பும், உளி நிற்கும், பிழை மறையும். பேனா பிடித்த குழந்தைக்கு இம்மூன்றும் இல்லை. உளியின் வேலையை அளவுகோலாகக் கொண்டு ஒரு பிஞ்சுக் கையை அளந்தது என் பிழையே. அச்சிறுமியிடம் அதைச் சொல்லும் வாய்ப்பு எனக்குக் கிட்டவில்லை.

பெற்றோர்க்கு ஒரு சொல்: குழந்தைக்கு எழுதப் பழக்கும்போது, அச்சிட்ட வரியை மட்டும் காட்டாதீர்கள். அருகில் அமர்ந்து நீங்களும் ஒரு வரி எழுதுங்கள். உங்கள் கோடும் சற்றே நடுங்கும். குழந்தை அதைப் பார்க்கட்டும்.