வல்லினம் கேட்கிறதா?

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ அனுப்பிய நான்கு பதிவுகளையும் நேற்று ராத்திரி கேட்டேன். ஒரே ரிஃப், நான்கு ஆம்ப்: மார்ஷல் ஜேசிஎம்800, மெசா ரெக்டிஃபயர், பீவி 5150, சொல்டானோ. நான்கும் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற மாடல்கள் என்று எழுதியிருந்தாய். "அண்ணா, ரெக்கார்டிங்குக்கு இதில் எது? எனக்கு மூணாவதுதான் பிடிச்சிருக்கு" என்று கேட்டிருந்தாய். இதே கேள்வியை வேறு ஊர்ப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். அதனால் உனக்கு எழுதுவதை அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

உன் மூன்றாவது பதிவு மற்ற மூன்றையும் விட ஏறக்குறைய 3 டெசிபல் சத்தம் கூடுதல். அளந்து பார்த்தேன். அதைக் குறைத்து நான்கையும் ஒரே மட்டத்தில் வைத்துக் கேட்டபோது எனக்கு முதல் பதிவுதான் மனசில் நின்றது. உன் காதில் குறை எதுவும் இல்லை. எல்லார் காதும் அப்படித்தான். சத்தம் குறைந்தால் அடிப்பக்கத்து ஒலியும் உச்சிப்பக்கத்து ஒலியும் நடுவைவிட வேகமாக மங்கும். சத்தம் கூடினால் அவை திரும்பி வந்து ஒலி நிறைந்த மாதிரி இருக்கும். பிளெட்சர், மன்சன் என்ற இரண்டு பேர் 1933-லேயே இதை வளைகோடாகப் போட்டுக் காட்டிவிட்டார்கள். ஒரே ஒரு டெசிபல் வித்தியாசம் இருந்தால்கூட "இது சத்தமாக இருக்கிறது" என்று தோன்றாது, "இது நன்றாக இருக்கிறது" என்றுதான் தோன்றும். ஆம்ப் ஒப்பிடுகிறவர்கள் பாதிப் பேர் ஏமாறுகிற இடம் இது. நானும் பல வருஷம் ஏமாந்திருக்கிறேன்.

இன்னொன்றும் கவனித்தேன். நான்கு தடவை தனித்தனியாக வாசித்திருக்கிறாய். இரண்டாவதில் கை களைத்துவிட்டது, நான்காவதில் பிக்கைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்திருக்கிறாய். அப்புறம் எது ஆம்பின் வித்தியாசம், எது உன் கையின் வித்தியாசம்? ஒரே தடவை வாசி. கிடாரிலிருந்து நேராக இன்டர்ஃபேஸுக்கு, அந்த வெறும் டிஐ சிக்னலை மட்டும் பதிவு செய். அதையே நான்கு ஆம்புக்குள்ளும் அனுப்பு. நிஜ ஆம்பாக இருந்தாலும் இதே வழிதான், ரீஆம்ப் என்பார்கள். அந்த டிஐ டிராக்கை எப்போதும் அழிக்காதே. ஆம்ப் பிடிக்காமல் போனால் நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம், வாசிப்பை மாற்ற முடியாது.

இப்போது கெயினுக்கு வருகிறேன். நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

உன் ஊரான திருவண்ணாமலையில் பிறந்தவர் என்று நாம் கொண்டாடுகிற அருணகிரிநாதரை நினைத்துக்கொள். திருப்புகழ் பாடுகிறவர்களைக் கோயிலில் சின்ன வயசிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் நீ. அந்தச் சந்தம் எதனால் ஓடுகிறது? வல்லினம் மோதி, மெல்லினம் நெகிழ்ந்து, குறில் வெட்டி, நெடில் நீண்டு ஓடுகிறது. வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு அதைப் பாடிப் பார். எல்லா எழுத்தும் ஒரே எழுத்தாகக் குழையும். அளவுக்கு மீறிய கெயின் செய்வது இதைத்தான்.

பிக் தந்தியில் மோதுகிற கணம்தான் சத்தம் அதிகமான கணம், உன் ரிஃப்பின் வல்லினம் அது. அதற்குப் பிறகு தந்தி அதிர்ந்து அடங்குகிற நேரம் மெல்லினம். ஆம்ப் தன் எல்லையைத் தாண்டும்போது உச்சியைத் தட்டையாக வெட்டிவிடும். இன்னும் ஏற்றினால் அடங்குகிற பகுதியும் உச்சிக்கு உயர்ந்துவிடும். மோதலும் அடங்கலும் ஒரே உயரத்தில் நிற்கும். வீட்டில் தனியாக வாசிக்கும்போது அது சுகம்தான், நோட்டு நீளமாக நிற்கும், விரல் தப்பு மறையும். பதிவில் அதுவே சேறு. உன் ரிஃப்பில் பாம் மியூட் செய்த பதினாறில் ஒன்று அடிகள் வரிசையாக வருகின்றன அல்லவா, முதல் பதிவைத் தவிர மற்ற மூன்றிலும் என்னால் அவற்றை எண்ண முடியவில்லை.

நீ கெயினை 7-ல் வைத்திருக்கிறாய். 4-க்கு இறக்கு. முதல் நாள் தோல் உரிந்த மாதிரி இருக்கும், தாங்கிக்கொள். அதே ரிஃப்பை இரண்டு தடவை வாசித்து ஒன்றை இடதிலும் ஒன்றை வலதிலும் வை. குறைந்தது என்று நினைத்த கனம் அங்கே திரும்பி வரும். இரண்டு கைவேலைக்கு நடுவில் இருக்கிற நூலிழை வித்தியாசம்தான் அந்த அகலம். ஒரே டேக்கை நகல் எடுத்து இரண்டு பக்கமும் வைத்தால் அது வராது, நடுவில் ஒன்றாகத்தான் நிற்கும்.

ஆம்புகளைப் பற்றிக் கேட்டாய், சொல்கிறேன். மார்ஷலின் ஆம்ப் ஜேசிஎம்800 என்ற பெயரில் 1981-ல் வந்தது. 100 வாட், இஎல்34 வால்வ். இன்றைய மெட்டலுக்கு அதனிடம் தனியாகக் கெயின் போதாது, முன்னால் ஒரு பெடல் வேண்டும். ஆனால் அதன் நடு ஒலி பேசுகிற குரல் மாதிரி, ஒளிந்துகொள்ளாது. மைக் சொல்டானோ 1987-ல் கொண்டுவந்த எஸ்எல்ஓ-100-ல் ப்ரீஆம்ப் வால்வுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக் கெயின் எடுத்த முறைக்குப் பின்னால் வந்த பல ஆம்புகள் கடன்பட்டிருக்கின்றன. பீவி 5150, எடி வான் ஹேலனுக்காக 1992-ல் செய்தது. அவர் பிரிந்துபோன பிறகு 6505 என்ற பெயரில் தொடர்ந்தது. அடி இறுக்கமாக இருக்கும், வேகமான ரிஃப்புக்கு ஓடிவரும். 5150-க்கும் மெசா ரெக்டிஃபயருக்கும் ஒரே 6எல்6 வால்வுதான், ஆனால் மெசாவின் அடிப்பக்கம் அகலமாக, கொஞ்சம் தளர்வாக இருக்கும். மெதுவான, கனமான பாட்டுக்கு அது அழகு. வேகத்துக்கு வேண்டுமென்றால் முன்னால் ஒரு டியூப் ஸ்கிரீமர் பெடலைப் போட்டு, டிரைவைச் சுழியிலும் லெவலை மேலேயும் வைப்பார்கள். அந்த பெடல் ஏறக்குறைய 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே கெயினைக் குறைத்துக்கொண்டே போகும். அடிப்பக்கம் மெலிந்து உள்ளே போவதால் ஆம்ப் திணறாது.

ஏன் அடிப்பக்கத்தில் இத்தனை கவனம் என்று கேட்பாய். நீ ஆறாவது தந்தியை சி வரை இறக்கியிருக்கிறாய், அது 65 ஹெர்ட்ஸ். பவர் கார்டு என்பது ஸட்ஜமும் பஞ்சமமும், தம்பூராவில் கேட்கிற அதே உறவு. உன் பஞ்சமம் 98 ஹெர்ட்ஸ். இந்த இரண்டும் டிஸ்டார்ஷனுக்குள் சேர்ந்து போனால் அவற்றின் வித்தியாசமும் ஒரு ஒலியாகப் பிறக்கும்: 33 ஹெர்ட்ஸ், உன் ஸட்ஜத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே இருக்கிற ஸட்ஜம். நீ வாசிக்காத சுரம், ஆனால் ஸ்பீக்கரில் வருகிறது. இரண்டு சுரத்தை மட்டும் வாசித்தும் மலை சரிகிற மாதிரி கேட்பது அதனால்தான். அங்கே காந்தாரத்தைச் சேர்த்தால் பிறக்கிற சுரங்கள் ஒன்றோடொன்று இடிக்கும், கரகரக்கும். அதே காரணத்தால் அந்த அடித்தளம் பேஸ் கிடாரின் இடத்திலும் போய் உட்காரும். கிடாரின் அடியை வடிகட்டி பேஸுக்கு இடம் விடு. உன்னோடு பேஸ் வாசிக்கிற பையன் நன்றாக வாசிக்கிறான், அவனை நீ கேட்கவிடவில்லை.

நடுப்பகுதியை வெட்டுவதையும் நிறுத்து. நான்கு பதிவிலும் மிட்ஸ் குமிழ் 2-ல் இருக்கிறது. தேர் வீதியில் சாமி புறப்பாட்டின்போது நாகஸ்வரத்தை நினைத்துப் பார். இத்தனை கூட்டம், இத்தனை ஒலிபெருக்கி, அதையும் தாண்டி அது எப்படி வந்து சேருகிறது? அதன் பலம் நடுவிலும் நடுவுக்குக் கொஞ்சம் மேலேயும் இருக்கிறது. சீவாளி உண்டாக்குகிற அந்தக் கரகரப்பே இயற்கையான டிஸ்டார்ஷன்தான். பக்கத்தில் தவில் வாசிப்பவரின் விரல் கூடு தோலில் படுகிற சத்தம் ஒவ்வொன்றும் தனியாகக் கேட்கும். இரண்டுக்கும் இடம் இருக்கிறது, யாரும் யாரையும் மூடவில்லை. உன் கிடாரும் டிரம்மும் அப்படி நிற்க வேண்டும்.

ருத்ரா மாதிரி வேண்டும் என்றாய். எனக்கும் அவர்கள்மேல் பெரிய மரியாதை. 1992-ல் சிங்கப்பூரில் தொடங்கிய குழு, முதல் ஆல்பம் 1998-ல் வந்தது. 'பிரம்மவித்யா: பிரைமார்டியல் 1' 2005. உபநிஷத்தை டெத் மெட்டலுக்குள் கொண்டுவந்தவர்கள். அதில் கிடாரை மட்டும் கேட்காதே. சமஸ்கிருத உச்சாடனம் வருகிற இடங்களில் கிடார் எவ்வளவு தூரம் ஒதுங்குகிறது என்று கேள். அந்தக் குழுவின் கதிர் ஒரே ஆளாகப் பாடிக்கொண்டே பேஸும் வாசிக்கிறார். உறுமுகிற குரலும் கெயின் ஏற்றிய கிடாரும் ஒரே நடுப்பகுதிக்குத்தான் சண்டை போடும். ஆம்ப் ஒப்பிடுவதென்றால் அந்தச் சண்டைக்கு நடுவில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். டிரம், பேஸ், குரல் எல்லாம் ஓட, நான்கு ஆம்பையும் மாற்றி மாற்றிப் போடு. தனியாகக் கேட்டபோது ஒல்லியாக இருந்தது, பாட்டுக்குள் வந்ததும் எழுந்து நிற்கும்.

ஆம்பைவிடப் பெரிய மாற்றம் ஸ்பீக்கரிலும் மைக்கிலும் இருக்கிறது. இதை நீ கண்ணால் பார்க்க வேண்டும். 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றின் முன்னால் உட்கார்ந்து, துணிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார். நடுவில் வட்டமாக ஒரு மூடி, டஸ்ட் கேப். அதன் விளிம்பில் துணிமேல் சாக்பீஸால் ஒரு புள்ளி வை. ஷ்யூர் எஸ்எம்57, 1965-லிருந்து வருகிற மைக், கிடாருக்கு இன்னும் அதைத்தான் முதலில் எடுக்கிறோம். அதைத் துணியிலிருந்து ஒரு விரல் தூரத்தில் அந்தப் புள்ளிக்கு நேராக நிறுத்து. ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, யாரையாவது வாசிக்கச் சொல்லி, மைக்கை அரை அங்குலம் ஸ்பீக்கரின் நடுவை நோக்கித் தள்ளு: ஊசி குத்தும். அரை அங்குலம் விளிம்பை நோக்கி இழு: போர்வை போர்த்திய மாதிரி ஆகும். ஆம்பின் குமிழ் எதையும் யாரும் தொடவில்லை. மார்ஷலுக்கும் மெசாவுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைவிட அந்த ஓர் அங்குலத்தின் தூரம் அதிகம் என்று பல தடவை பார்த்திருக்கிறேன். உன் மாடல்களில் இந்த வேலையை ஐஆர் ஃபைல் செய்கிறது. நான்கு ஆம்புக்கும் நான்கு வேறு ஐஆர் போட்டிருக்கிறாய். அப்படியானால் நீ ஒப்பிட்டது ஆம்பை இல்லை. நான்குக்கும் ஒரே ஐஆர் போட்டு மறுபடி கேள்.

உன் பதிவில் ஒரு மெல்லிய ரீங்காரம் இருக்கிறது. 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும், கரண்ட் சத்தம். கெயின் உன் கிடாரை மட்டும் ஏற்றுவதில்லை, கம்பியில் வருகிற எல்லாவற்றையும் ஏற்றும். பழைய வகை இன்வெர்ட்டரில் ஓடும்போது பதிவு செய்யாதே. ட்யூப்லைட்டையும் சீரியல் பல்பையும் அணை. ப்ளக் பாயிண்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்து பார்க்கச் சொல், இது ஒலிக்கு மட்டுமல்ல, உன் உயிருக்கும். கிரிவலக் கூட்டமும் விளக்கும் நிறைந்த பௌர்ணமி ராத்திரி வேண்டாம், விடிகாலை நாலு மணி நல்ல நேரம்.

கரண்ட் விஷயத்தில் நான் ஒரு பாடம் பட்டிருக்கிறேன். உன் வயசில், ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் மாதக்கணக்கில் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர், ஊருக்குப் போகும்போது தன் சின்ன வால்வ் ஆம்பை என்னிடம் கொடுத்தார். அமெரிக்க ஆம்ப். பின்பலகையில் 120 வோல்ட் என்று அச்சடித்திருந்தது, நான் ஆசையில் அதைப் படிக்கவே இல்லை. நம் ஊர் 230-ல் சொருகினேன். இரண்டு மூச்சு நேரம் விளக்கு பிரகாசமாக எரிந்தது. அப்புறம் வார்னிஷ் கருகுகிற வாசனை. டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. கொடுத்தவருக்குக் கடிதம் எழுத எனக்கு ஒரு வருஷம் மனசு வரவில்லை. உனக்கு எப்போதாவது வால்வ் ஆம்ப் கிடைத்தால் முதலில் பின்பலகையைப் படி. ஸ்பீக்கர் மாட்டாமல் அதை வாசிக்கவும் கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது.

அதுவரை ஆம்புக்குப் பணம் சேர்க்காதே. நியூரல் ஆம்ப் மாடலர் இலவசம், அதில் கிடைக்கிற ஒலி என் வயசுக்காரர்கள் கனவில்கூடக் காணாதது. இருக்கிற காசுக்குத் தந்தி வாங்கு. சி வரை இறக்கிவிட்டு 46 அளவுத் தந்தியை வைத்திருக்கிறாய், பலமாக அடிக்கிற ஒவ்வொரு தடவையும் அது முதல் கணத்தில் சுருதி ஏறிவிட்டுத்தான் கீழே வருகிறது. 56 போடு. போட்டபின் பிரிட்ஜில் இன்டொனேஷனைச் சரிசெய்.

எது என்று கேட்டாய், நழுவாமல் சொல்கிறேன். உன் பாட்டு வேகமானது, குரல் கனமானது. இடதுபக்கம் ஜேசிஎம்800, முன்னால் டியூப் ஸ்கிரீமர். வலதுபக்கம் 5150, கெயின் மூன்றரை. இரண்டுக்கும் ஒரே ஐஆர். உன் தம்பியை உட்கார வைத்து, பெயரைச் சொல்லாமல் நான்கு ஆம்பையும் மாற்றி மாற்றிப் போடச் சொல், நீ கண்ணை மூடிக்கொண்டு கேள். அப்போது சொல்டானோதான் பிடிக்கிறது என்றால் சொல்டானோவை வை, நான் மறுபேச்சு பேச மாட்டேன்.

பௌர்ணமி முடிந்த மறுநாள் ஊருக்கு வருகிறேன். என் எஸ்எம்57-ஐயும் ஒரு 12 அங்குல ஸ்பீக்கரையும் கொண்டுவருகிறேன். அதற்குள் புதுத் தந்தி போட்டு, ரிஃப்பை மெட்ரோனோமில் 90-ல் வைத்து, கெயின் துளியும் இல்லாமல் வாசித்து, டிஐயை மட்டும் அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்